கண்வலிக்கிழங்கும் அப்பாவின் கால் கட்டைவிரலும்

எங்கள் வீட்டில் நகை வைத்திருக்கும் பீரோவின் பூட்டு சரியாக விழாது. இழுத்தால் திறந்துகொள்ளும். கிழங்கு போட்டு வைக்கும் அறைக்கு மட்டும் இரண்டு பூட்டு. சாவி அம்மாவின் இடுப்பில். வீட்டில் யாராவது சத்தம் போட்டுச் சண்டை பிடித்துவிட்டால் அம்மா சமாதானம் பேசப் போகமாட்டார், முதலில் போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அந்தக் கிழங்கு தின்றால் உயிரை எடுக்கும் நஞ்சு, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

மூலனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் ஆடு மாடும்தான் அப்பாருவின் காலத்துப் பிழைப்பு. அப்பா காலத்தில் மூன்று ஏக்கர் தோட்டத்தில் கண்வலிக்கிழங்கு வந்தது. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ. கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு என்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பேர். இலங்கையில் கார்த்திகைப்பூ. நாங்கள் பூவை விற்பதில்லை, விதையைத்தான். அந்த விதையிலிருந்து கால்சிசின் என்ற மருந்தைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது.

ஆடியில் கிழங்கு ஊன்றினால் புரட்டாசி, ஐப்பசியில் தோட்டமே தீப்பிடித்த மாதிரி இருக்கும். பார்க்கத்தான் அழகு, வேலை இடுப்பை முறிக்கும். இந்தப் பூவில் சூலகத்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி, பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டுவிட வேண்டும். பந்தல் கம்பிக்குக் கீழே குனிந்தும் நிமிர்ந்தும் பதினோரு மணி வரை இதே வேலை. ஒரு வாரம் ஆள் வரவில்லை என்றால் அந்த வாரத்துப் பூவின் காசு போச்சு.

2019 ஐப்பசியில், சரியாக அந்த வாரத்தில், அப்பா படுத்துவிட்டார்.

ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலின் அடிமூட்டு செக்கச்செவேல் என்று வீங்கி மின்னியது. போர்வை பட்டாலே கத்தினார். மின்விசிறிக் காற்றுகூட வலிக்கிறது என்றார். நான் நம்பவில்லை. கவுட் என்கிற இந்த மூட்டு நோய் வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாகப் படியும். நம் வெள்ளை அணுக்கள் அதை எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையின் சூடுதான் வீக்கம்.

இது முதல் தடவை இல்லை. முதல் தடவையின் கதையைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் இதே விரல், இதே வலி. அப்பா "இங்கிலீஷ் மருந்து கிட்னியத் தின்றும்" என்று சொல்லிவிட்டு, சந்தைக்கு வருகிற ஒருவரிடம் மூட்டுவலிக்குச் சூரணம் வாங்கினார். பேர் இல்லாத வெள்ளை டப்பா. "முழுக்க மூலிகைங்க, பக்கவிளைவே இல்லீங்க" என்று சொன்னாராம். இரண்டே நாளில் வலி பஞ்சாகப் பறந்தது. அப்பா ஊரெல்லாம் சொன்னார். இரண்டு பங்காளிகளும் வாங்கினார்கள்.

மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதம் சாப்பிட்டார். முகம் உருண்டையாகிக்கொண்டே வந்தது, "அப்பனுக்கு மொகம் தெளிஞ்சு போச்சு" என்று அப்பத்தா சந்தோஷப்பட்டார். சர்க்கரை இல்லாத மனிதருக்கு சர்க்கரை வந்தது. கையில் லேசாக இடித்தாலே கன்றிப்போனது. பிறகு அந்த ஆள் சந்தைக்கு வராமல் போக, மருந்து திடீரென்று நின்றது. பத்தாம் நாள் அப்பாவால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கிக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாருங்களா?" அம்மா இல்லை என்றார். நான் ஆமாம் என்றேன். அம்மா பொய் சொல்லவில்லை, பயந்துவிட்டார், திட்டுவார்களோ என்று. டாக்டர் திட்டவில்லை. சூரணத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். பல மாதம் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். அதைச் சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். டப்பாவை நாங்கள் சோதனைக்குக் கொடுக்கவில்லை, ஏற்கெனவே தூக்கி எறிந்திருந்தோம். அதுதான் எங்கள் முதல் தப்பு. இன்று யாராவது இப்படி ஒரு மருந்து சாப்பிட்டுக்கொண்டு முகம் உப்பியிருந்தால் நான் இரண்டு காரியம் சொல்வேன்: இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் போய் அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். டப்பாவைப் பத்திரமாக வையுங்கள்.

அதனால் 2019 ஐப்பசியில் அப்பா மறுபேச்சு இல்லாமல் தாராபுரத்துக்கு வண்டியேறினார். டாக்டர் காலைப் பார்த்தார், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்தார், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொன்னார். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அந்த வகை மருந்தும் யூரிக் ஆசிட்டை ஏற்றும் என்று வேறு மாத்திரைக்கு மாற்றினார். பிறகு சீட்டில் ஒரு மருந்து எழுதினார். நான் எட்டிப் படித்தேன். கால்சிசின், 0.5 மில்லிகிராம்.

"டாக்டர், இது கண்வலிக்கிழங்கு விதையில எடுக்கறதுங்களா?"

"ஆமா. உங்க பக்கத்துலதான் நிறைய வெளையுதாமே?"

அப்பா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து வருடமாக அந்த விதையைக் காயவைத்து, உடைத்து, மூட்டை கட்டி விற்றவர். அது என்ன நோய்க்குப் போகிறது என்று வியாபாரி சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. "ஏதோ கேன்சருக்குங்க" என்று ஊரில் ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

டாக்டருக்கும் அன்று கூட்டம் குறைவு போல, கொஞ்சம் விளக்கினார். ஐரோப்பாவில் கால்சிகம் என்று இதற்குத் தூரத்து உறவான ஒரு செடி உண்டு, ஆயிரம் வருடத்துக்கு மேலாக இதே கட்டைவிரல் வலிக்கு அங்கே கொடுத்துவந்தார்கள். 1820ல் பாரிஸில் பெல்த்தியே, கவாந்தூ என்ற இரண்டு பேர் அதிலிருந்து கால்சிசினைத் தனியாகப் பிரித்தார்கள். அதே வருடம் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை நான் அப்பாவுக்குப் பந்தலை வைத்துச் சொன்னேன். நம் செடி கம்பி இருந்தால்தானே ஏறும்? அதுபோல வெள்ளை அணு நகர அதன் உள்ளே நூல் மாதிரி கம்பி கட்டவேண்டும். கால்சிசின் அந்தக் கம்பியைக் கட்டவிடாது. வெள்ளை அணு மூட்டுக்குப் போய்ச் சேராது, சண்டை ஓயும், வீக்கம் வடியும். ஆனால் அணு இரண்டாகப் பிரிவதற்கும் அதே கம்பிதான் வேண்டும். அளவு கூடினால் உடம்பில் எங்கெல்லாம் அணுக்கள் ஓயாமல் பிரிகின்றனவோ அங்கெல்லாம் வேலை நிற்கும். முதலில் குடல், பிறகு எலும்பு மஜ்ஜை, பிழைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். மருந்தாக வேலை செய்வதும் விஷமாக வேலை செய்வதும் ஒரே செயல்தான். கிழங்கு அறைக்கு ஏன் இரண்டு பூட்டு என்று எனக்கே அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

டாக்டர் எழுதிய அளவு: வலி தொடங்கியதும் இரண்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. அதோடு அன்றைக்குப் போதும். மறுநாளிலிருந்து சில நாளைக்கு ஒவ்வொன்று. இது அப்பாவின் கிட்னியைப் பார்த்து அவருக்கு எழுதியது, உங்களுக்கு அல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதைவிடக் குறைப்பார்கள், சிலருக்குக் கொடுக்கவே மாட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் வலி பாதியானது. அப்பாவின் புத்தி அங்கேதான் வேலை செய்தது. மூன்று மாத்திரைக்குப் பாதி வலி போனால், இன்னும் மூன்று போட்டால் மீதியும் போகுமல்லவா? அது போக, ஊரில் பழைய கம்பவுண்டர் ஒருவர், "முன்னெல்லாம் வயித்தால போற வரைக்கும் மணிக்கொன்னு குடுப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை, ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். 2010ல் வந்த ஓர் ஆய்வில், குறைந்த அளவும் அந்தப் பெரிய அளவுக்கு இணையாகவே வலியைக் குறைத்தது, வயிற்றுப்போக்கு மட்டும் வெகுவாகக் குறைந்தது. கம்பவுண்டருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

அன்று ராத்திரி அப்பா பத்து தடவை வெளியே போனார். காலையில் டாக்டருக்குப் போன் போட்டபோது, "எத்தனை மாத்திரை மிச்சம் இருக்குன்னு பட்டையை எண்ணுங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. எண்ணினோம். உடனே கூட்டிவரச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் பார்த்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். வயிற்றுப்போக்கைப் பக்கவிளைவு என்று நினைக்காதீர்கள், அது எச்சரிக்கை மணி, அதற்கு மேல் ஒரு மாத்திரைகூடப் போகக்கூடாது என்றார். இந்த மருந்துக்குக் கையோடு கொடுத்து முறிக்கிற மாற்று மருந்து கிடையாது என்பதையும் அப்போதுதான் சொன்னார். அப்பாவின் முகம் வெளிறியது. பதினைந்து வருடம் சாக்குச் சாக்காக அதைத் தோளில் சுமந்த மனிதர்.

பூத் தொடும் வேலையை அந்த இரண்டு வாரமும் அம்மாவும் நானும் பார்த்தோம். திருப்பூர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நான் வந்து நின்றதில் கால் ஏக்கர் பூவாவது தப்பித்திருக்கும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் மூட்டு விறைப்பு கொஞ்சம் இருந்தது. அப்பாவுக்கு நாட்டு மருந்து மேல் இருந்த பிடிப்பு முழுசாக விடவில்லை, விடவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை சந்தைக்கு இல்லை, அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவுக்குப் போனோம். பட்டம் படித்த டாக்டரம்மா. முதலில் ஆங்கில மருந்துச் சீட்டைத்தான் கேட்டார். கால்சிசின் என்று பார்த்ததும், "இது இருக்கும்போது உள்ளுக்கு நான் எதுவும் குடுக்கலீங்க, வெளிப்பூச்சுக்கு மட்டும் தைலம் தர்றேன்" என்றார். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. இரண்டு வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்துக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

கலப்பைக் கிழங்கு சித்த மருத்துவத்திலும் உண்டே என்று கேட்டேன். உண்டு, ஆனால் நச்சுச் சரக்கு வரிசையில் வைத்திருக்கிறார்கள், சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்றார். மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புப் போட்ட மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் காயவைத்து, இப்படி நாள்கணக்கில் செய்கிற பக்குவம் அது. "அதுவும் நாங்க அளந்துதான் குடுப்போம். வீட்ல செஞ்சு பாக்கற கை மருந்து இது இல்லீங்க" என்றார். இந்தக் கிழங்கு சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்தின் டப்பாவில் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிடவேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும், சட்டமே அப்படி. உரிம எண், தொகுப்பு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்ந்த சரக்குகளின் பட்டியல் இதெல்லாம் இல்லாத டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றும் சொன்னார். எங்கள் வெள்ளை டப்பாவில் ஒரு எழுத்துகூட இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு மார்கழியில் அப்பாவுக்குச் சளி கட்டி இருமல். வேறு ஒரு கிளினிக்கில் க்ளாரித்ரோமைசின் எழுதினார்கள். மருந்துக் கடைப் பையன் பழைய கணக்கைப் பார்த்துவிட்டு, "ஐயா கால்சிசினும் வாங்கறாருங்களே, ரெண்டும் சேரக்கூடாது, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றான். உடம்பிலிருந்து கால்சிசின் வெளியேறுவதை அந்த ஆன்டிபயாட்டிக் தடுத்துவிடும், சரியான அளவே விஷ அளவாகிவிடும். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். ஒரே கடையில் மருந்து வாங்குவதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தை மாதம் ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுபோய்க் கொடுத்தார் அப்பா.

இப்போது இன்னொரு தலைவலி. 2023ல் அமெரிக்காவில் இதய நோயாளிகள் சிலருக்குக் கால்சிசினைச் சின்ன அளவில் கொடுக்க அனுமதி கிடைத்தது. சேதி நல்ல சேதிதான். அது வாட்சப்பில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது "மாரடைப்புக்கு நம்ம கண்வலிக்கிழங்கு, வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்" என்று ஆகியிருந்தது. ஸ்டென்ட் வைத்த மாமா ஒருவர் காலையிலேயே வாசலில் வந்து நின்றார். "ஒரு துண்டு கெழங்கு குடு சாமி, நான் என்ன நெறையாவா கேக்கறேன்?"

அவரை உட்காரவைத்து டீ கொடுத்துச் சொன்னேன். மாத்திரையில் 0.5 மில்லிகிராம் என்றால் எந்தப் பட்டையைப் பிரித்தாலும் 0.5தான். கிழங்கில் எவ்வளவு என்று யார் சொல்லமுடியும்? விதைக்கு ஓர் அளவு, கிழங்குக்கு ஓர் அளவு, நம் மண்ணுக்கு ஒன்று, பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்று. அரை மில்லிகிராம் என்பது கண்ணுக்கே தெரியாது மாமா, கத்தியால் எப்படி அரிவீர்கள்? மாமா கேட்டுக்கொண்டார். ஆனால் போகும்போது அவர் கண் கிழங்கு அறைப் பக்கம் ஒரு தடவை போய் வந்தது. சாயந்திரம் அத்தைக்குப் போன் செய்து சொல்லிவைத்தேன்.

இந்தப் பயிர் வைத்திருப்பவர்களுக்கும், வேலியோரம் அழகுக்கு வளர்ப்பவர்களுக்கும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கிழங்கை வெங்காயம், வள்ளிக்கிழங்கு வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். இலங்கையில் வற்றாளைக் கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. விதை உடைத்த கையோடு பீடி பற்றவைக்கும் ஆட்களை நான் அதட்டுவேன், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோறு. கழித்துப்போட்ட கிழங்கு ஆட்டுக்கு எட்டாதபடி குழி வெட்டிப் புதைக்கிறோம். யாராவது வாயில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் வாந்தி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது, ஆள் எழுந்து நடமாடுவார். தெரிய ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும். 108ஐக் கூப்பிடுங்கள், அந்தக் கிழங்கில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுப்போக்கு நின்றதும் பிழைத்தாயிற்று என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகுதான் ரத்த அணுக்கள் சரியும்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். யூரிக் ஆசிட் குறைய தினம் வேறு மாத்திரை. ஈரலும் குடலும் விட்டாயிற்று, கள்ளுக்குச் சீசனில் மட்டும் சண்டை. கால்சிசின் பட்டையும் கிழங்கு அறைக்குள்தான் இருக்கிறது, அம்மாவின் ஏற்பாடு. வலி வந்தால் அம்மா பூட்டைத் திறந்து எண்ணி எடுத்துத் தருவார்.

போன மாசியில் விதை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். வியாபாரி போன வருடத்தைவிடக் குறைத்துக் கேட்டிருந்தான். அப்பா விதையை அள்ளிக் கையில் உருட்டிக்கொண்டே, இதில் எத்தனை மாத்திரை இருக்கும் என்றார். போனில் கணக்குப் போட்டேன். விதையில் கால்சிசின் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கையில் அரை சதவீதம்தான் தேறுகிறது என்று வைத்துக்கொண்டால்கூடக் கிலோவுக்கு 5 கிராம். அரை மில்லிகிராம் மாத்திரையாகப் போட்டால் பத்தாயிரம்.

"ஒரு கிலோவுலயா?"

"ஒரு கிலோவுலதானுங்கப்பா."

அப்பா குனிந்து கட்டைவிரலைப் பார்த்தார். "எனக்கு வருசத்துக்கு ரெண்டு பட்டைதான் ஆவுது. அப்பறம் அவன் எதுக்கு சாமி எங்கிட்ட அம்பது ரூவாய்க்குப் பேரம் பேசறான்?"